யூஸுஃபின் சட்டை: தந்தை மனமும் காணாமற்போன பிள்ளையும்

 

உங்கள் வாப்பா அழுததை நீங்கள் எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள்? சற்று நேரம் எண்ணிப் பாருங்கள். உம்மா அழுத நாட்கள் நினைவில் வரிசையாக வந்து நிற்கும். வாப்பாவின் கண்ணீரோ நம்மில் பலருக்கு ஒரு முறை, அல்லது ஒரு முறையேனும் இல்லை. அதைக் கொண்டு வாப்பாவுக்குத் துயரமில்லை என்று முடிவு கட்டுகிறோம். அல்லது அவர் வன்மையானவர் என்று பெருமை கொள்கிறோம். இரண்டும் பிழையான கணிப்பு. தந்தையின் உள்ளம் எவ்வாறு அமைகிறது, பிள்ளையை இழக்கும்போது அது என்னவாகிறது என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். இதனை நூலறிவாக மட்டும் பேச மனம் இடங்கொடுக்கவில்லை. ஏனெனில் நமது தீவின் வடக்கே, அரியாலை என்னும் ஊரில், இவ்விடயம் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்து நம் முன் நின்றது.

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு விளிம்பில் உள்ளது அரியாலை. கண்டி வீதி அவ்வூரைக் கடந்து செம்மணி வெளி வழியாக நாவற்குழிப் பக்கம் செல்கிறது. வயலும் உவர் நிலமும் கடலேரிக் காற்றும் சேர்ந்த பூமி. அங்குள்ள சித்துப்பாத்தி இந்து மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டுமான வேலைக்காக நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அவ்வாண்டு மே மாதம் முறையான அகழ்வு தொடங்கிற்று. செப்டெம்பர் மாதத்துக்குள் இனங்காணப்பட்ட எலும்புக்கூடுகளின் தொகை 200ஐக் கடந்துவிட்டது. அவற்றுள் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு நீல நிறப் பாடசாலைப் பையொன்றும் விளையாட்டுப் பொம்மையொன்றும் கிடைத்தன.

ஓகஸ்ட் 5ஆம் நாள், அகழ்வில் கிடைத்த உடைகளும் செருப்புகளும் ஏனைய பொருட்களும் நீதிமன்றத்தின் அனுமதியுடன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. தமது பிள்ளையின், கணவரின், சகோதரரின் அடையாளம் ஏதேனும் தென்படுமா என்று காண மக்கள் வந்தனர். அங்கு நின்ற ஒரு தந்தையின் உள்ளத்தைச் சற்றுக் கற்பனை செய்யுங்கள். அவர் ஒரு துணியைப் பார்க்கிறார். அது தம் மகனுடைய சட்டையாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, இருக்கக்கூடாது என்று வேண்டுவதா? எந்தத் துஆவைக் கேட்பது என்று தெரியாத நிலை அது.

இவ்விடத்தின் கதை 2025இல் தொடங்கியதன்று. 1996 செப்டெம்பரில் செம்மணிச் சோதனைச் சாவடியில் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அவ்வழக்கில் 1998 ஜூலையில் தண்டனை பெற்ற இராணுவத்தினருள் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. பின்னர் கால் நூற்றாண்டு காலம் அந்த வெளி மௌனமாக இருந்தது. அக்காலம் முழுவதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் தந்தையர் சிலர் வாசலைப் பார்த்திருந்தனர்.

இது தமிழ்ச் சகோதரரின் துயரம், நமது நூலில் இதற்கென்ன இடம் என்று எவரும் கேட்கலாகாது. 1990 ஜூலையில் கிழக்கே காத்தான்குடியை நோக்கி வந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டனர். விடுதலைப் புலிகள் அவர்களைக் கொன்று அப்பகுதியிலேயே புதைத்ததாகக் குடும்பத்தினர் முறையிட்டு, 2014இல் விடயம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பிடித்துச் செல்லப்பட்ட வர்த்தகர்களுள் திரும்பி வராதோரும் உளர். 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கியபோது கல்முனையிலும் மருதமுனையிலும் கிண்ணியாவிலும் பிள்ளையின் உடலைக்கூடக் காணாத வாப்பாமார் இருந்தனர். கபுறு இல்லாத பிள்ளையை நினைத்து வாழும் தந்தை எந்தச் சமூகத்தவராயினும் அவரது உள்ளம் ஒன்றுதான்.

அந்த உள்ளம் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் காண்போம். தாய்மை உடலோடு வருவது, தந்தைமை கடமையாக வருவது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிள்ளை வளர்ப்பு பற்றிய ஆய்வுகளும் தாயையே நோக்கின. 1975இல் மைக்கேல் லேம்ப் என்னும் உளவியலாளர் தாம் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே தந்தையரை மறக்கப்பட்டோர் என்று குறித்தார். அதன் பின்னரே ஆய்வாளரின் பார்வை தந்தையர் மீது திரும்பிற்று. அதில் வெளிப்பட்டவை நம்மை வியக்க வைப்பவை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞரை 2005இலும் மீண்டும் 2009இலும் ஆராய்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் மணமுடித்துத் தந்தையானவர்களின் உடலில் ஆண்மைக்குரிய டெஸ்டொஸ்டெரோன் என்னும் ஹோர்மோன் கணிசமாகக் குறைந்திருந்தது. அதிலும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் பிள்ளையைப் பராமரித்தவர்களிடம் அது, பராமரிப்பில் ஈடுபடாத தந்தையரிடம் இருந்ததைவிடக் குறைவாகக் காணப்பட்டது. இதை ஆண்மைக் குறைவென்று எண்ணிவிடாதீர்கள்! போட்டிக்கும் மோதலுக்கும் தூண்டும் ஒன்றைத் தணித்து, தொட்டிலருகே அமர்த்துவதற்கு உடலே தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதே ஆய்வாளர் கண்ட விளக்கம். பிணைப்பை வளர்க்கும் ஒக்ஸிடொசின் என்னும் ஹோர்மோனும் தாய்க்கு மட்டும் உரியதன்று. தாய் குழந்தையை வருடிக் கொஞ்சும்போது அவளுக்கு உயர்வது போல, தந்தை குழந்தையைத் தூக்கி ஆட்டி விளையாட்டுக் காட்டும்போது அவருக்கும் அது உயர்கிறது.

ஆக, தந்தைமை என்பது கையால் வருவது. தூக்கிய கை, குளிப்பாட்டிய கை, பள்ளிக்கு அழைத்துச் சென்ற கை ஆகியவற்றால் ஓர் ஆண் தந்தையாகச் செதுக்கப்படுகிறான். நபி (ஸல்) அவர்கள் தமது பேரர் ஹஸன் (ரழி) அவர்களை முத்தமிட்டபோது, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையேனும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஉ பின் ஹாபிஸ் என்பவர் கூறிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்னும் கருத்திலே நபியவர்கள் அவருக்கு விடை பகர்ந்தார்கள். பிள்ளையை முத்தமிடாத பெருமிதம் அக்கால அரபியருக்கு மட்டும் உரியதாக இருந்ததென்று நான் நம்பவில்லை. நமது ஊர்களிலும் பிள்ளை உறங்கிய பின்னரே அதன் நெற்றியைத் தொடும் வாப்பாமார் இருக்கிறார்கள்.

இவ்வாறு செதுக்கப்பட்ட ஒருவரிடமிருந்து பிள்ளை பறிக்கப்பட்டால் என்ன நிகழும்? இறந்த பிள்ளைக்காகத் துயருறுவது கொடியதெனினும் அதற்கு ஒரு வழி உண்டு. ஜனாஸாத் தொழுகை உண்டு. மண்ணள்ளிப் போடும் மூன்று பிடி உண்டு. வீட்டுக்கு வந்து கைபிடித்துச் செல்லும் உறவினர் உண்டு. பிள்ளை எங்கே என்றே தெரியாதபோது இவற்றுள் ஒன்றும் இல்லை. தொலைவில் இறந்தவருக்காகத் தொழும் காயிப் ஜனாஸாவை நமது ஷாபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. ஆனால் அவர் இறந்தது தெரிந்திருக்க வேண்டுமே! தெரியாதவருக்குத் தொழுவது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் போலின் பொஸ் இந்நிலைக்கு ஒரு பெயர் தந்தார். அதனைத் தெளிவற்ற இழப்பு எனத் தமிழில் கூறலாம். வியட்நாம் போரில் விமானத்தோடு காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் அவர் ஆராய்ந்தார். உடல் இல்லை, செய்தி இல்லை. ஆயினும் அந்த மனிதர் வீட்டில் ஒவ்வொரு வேளையும் இருக்கிறார். உடலால் இல்லாதவர் உள்ளத்தால் இருக்கும் நிலை அது. இதில் கவனிக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. இந்தக் கருத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி காணாமற்போன படைவீரரிடமிருந்து தொடங்கவில்லை. வீட்டிலேயே இருந்துகொண்டு மனத்தால் இல்லாத தந்தையரைப் பற்றிய சிந்தனையிலேதான் தொடங்கிற்று. மேசையில் உண்கிறார், கட்டிலில் உறங்குகிறார், பிள்ளை பேசினால் காதில் விழுவதில்லை. உடலால் இருப்பவர் உள்ளத்தால் இல்லாத நிலை அது. முன்னையதும் பின்னையதும் ஒரே நோயின் இரு முகங்கள் என அவர் கண்டார்.

இரண்டும் ஒரே வீட்டில் சேர்வதுண்டு என்பதையே நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புகின்றேன். காணாமற்போன மகன் உள்ளத்தால் வீட்டிலே இருக்கிறான். அவனைத் தேடும் தந்தையோ வீட்டிலிருந்தபடியே காணாமற்போகிறார். எஞ்சிய பிள்ளைகள் அண்ணனை இழந்ததோடு வாப்பாவையும் இழக்கின்றனர். முதல் இழப்பை ஊரார் அறிவர். இரண்டாவதை எவரும் எண்ணுவதில்லை.

அல்-குர்ஆனில் இவ்வீடு உள்ளது. ஸூரா யூஸுஃபை நாம் பெரும்பாலும் யூஸுஃப் நபியின் பொறுமைக்காகவும் ஒழுக்கத்துக்காகவும் ஓதுகிறோம். ஒரு முறை அதனை யஃகூப் (அலை) அவர்களின் பக்கமிருந்து ஓதிப் பாருங்கள். மகனைக் கிணற்றிலே போட்டுவிட்டு மூத்த பிள்ளைகள் இரவில் அழுதுகொண்டு வருகின்றனர். பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைத் தந்தையின் கையில் கொடுக்கின்றனர். அவர் நம்பவில்லை. அவர்களது உள்ளம் ஒரு காரியத்தைச் சோடித்துக் காட்டியுள்ளது என்று கூறிவிட்டு, அழகிய பொறுமையை மேற்கொள்கிறார். இங்கே கவனியுங்கள். ஆதாரம் எனத் தரப்பட்ட ஒன்றை அந்தத் தந்தை ஏற்க மறுத்தார். உடல் இல்லாமல் சட்டையை மட்டும் கொண்டு வந்து மரணத்தை ஒப்புக்கொள் என்றால் எந்தத் தந்தையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதைப் பிடிவாதம் என்று கூறுவது அறியாமை.

ஆண்டுகள் பல சென்றன. பஞ்சம் வந்தது. இளைய மகனையும் எகிப்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவனை அனுப்புமுன் யஃகூப் நபி தம் பிள்ளைகளிடம் அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி வாங்குகிறார். ஒரே வாயிலால் நுழையாதீர்கள், வெவ்வேறு வாயில்களால் நுழையுங்கள் என்னும் கருத்தில் அறிவுறுத்துகிறார். இதற்கு விரிவுரையாளர்கள் கண்ணேறு முதலிய காரணங்களைக் கூறியுள்ளனர். நானோ இதில் ஒருமுறை இழந்த தந்தையின் அச்சத்தையும் காண்கின்றேன். போர்க்காலத்து வடக்கிலும் கிழக்கிலும் பெற்றோர் இப்படித்தான் இருந்தனர். இரண்டு ஆண் பிள்ளைகளை ஒரே பேருந்தில் அனுப்ப அஞ்சினர். காணி விற்று ஒருவனை வெளிநாட்டுக்கு அனுப்பினர். மற்றவனை வாசல் தாண்ட விடவில்லை. அவ்வாறு வளர்ந்த பிள்ளைகள் இன்று தாமே தந்தையராகியுள்ளனர். தம் வாப்பாவின் கடுமையை நினைத்து இன்னமும் மனக்கசப்புக் கொண்டிருப்பவர்கள், அக்கடுமைக்குள் இருந்தது என்ன என்பதை இப்பொழுதாவது எண்ணிப் பார்க்கலாம்.

இளைய மகனும் திரும்பாதபோது பழைய புண் உடைகிறது. புதிதாக இழந்தவனை விட்டுவிட்டு யூஸுஃபுக்காகவே யஃகூப் நபி புலம்பினார். துயரத்தால் அவரது கண்கள் வெளிறிப் பார்வை போயிற்று. அருகிலிருந்த பிள்ளைகள் இரங்கினார்களா? நலிந்து அழியும்வரை யூஸுஃபின் நினைவை விடமாட்டீர் போலும் என்று சலித்துக்கொண்டனர். அந்தச் சலிப்பை நாம் எளிதில் பழித்துவிடுகிறோம். அவர்கள் குற்றவாளிகள், ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லில், எங்களைப் பார்க்க மாட்டீரா என்ற ஏக்கமும் ஒளிந்திருக்கிறது. தந்தை தம்மைவிட யூஸுஃபையே நேசிக்கிறார் என்ற பொறாமையில்தான் அவர்களது பாவமே தொடங்கிற்று. யூஸுஃப் போன பின்னும் தந்தை அவர்களிடம் திரும்பவில்லை.

ஒரு நபியின் கண்ணீரை அல்லாஹ் அங்கே கண்டிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொறுமை என்றால் அழாதிருத்தல் என்று நமது ஆண்களுக்கு யாரோ கற்பித்துவிட்டார்கள். அழகிய பொறுமையை மேற்கொள்வதாகக் கூறிய அதே யஃகூப் நபிதான் கண் வெளிறுமளவுக்கு வருந்தினார். தமது துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறினார், முறையிடாது விழுங்கவில்லை. நமது நபி (ஸல்) அவர்கள் தமது கைக்குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும் வேளையில் எல்லோருக்கும் முன்னால் கண்ணீர் விட்டார்கள். அருகில் நின்ற அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் தாங்களுமா என வியந்து கேட்டபோது, அது இரக்கத்தின் அடையாளம் என விளக்கினார்கள். ஒன்றரை வயதும் முழுமையாக நிரம்பாத மகன் அவர்.

அவ்வாறிருக்க, நமது தந்தையர் ஏன் ஊமையாகின்றனர்? காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். புகைப்படத்தை மார்பில் அணைத்து அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் தாய்மாரே. தந்தையர் துயருறவில்லை என்பது இதன் பொருளன்று. போர்க்காலத்தில் படை முகாம் வாசலுக்கு ஆண் சென்றால் அவரே பிடிபடும் ஆபத்து இருந்தது. பெண்கள் முன்னே சென்றனர். பின்னர் அதுவே வழக்கமாயிற்று. இதற்கு அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. குடும்பத்தைக் காப்பது தன் பொறுப்பென்று ஒரு தந்தை சிறுவயதிலிருந்தே பயின்றவர். பிள்ளை பறிபோனால் அது அவருக்கு இழப்பாக மட்டும் தோன்றுவதில்லை, தமது தோல்வியாகத் தோன்றுகிறது. அன்று ஏன் அவனைக் கடைக்கு அனுப்பினேன்? சாவடியில் ஏன் கூடவே நிற்கவில்லை? அலை வந்தபோது ஏன் கை நழுவியது? இக்கேள்விகளை ஒரு தாய் வாய்விட்டுக் கேட்டு அழுகிறாள். தந்தை இவற்றைத் தமக்கெதிரான வழக்காக நடத்துகிறார். அவ்வழக்கில் தீர்ப்பும் அவரே எழுதிவிடுகிறார்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளக்காயம் தனி ஒருவரின் நோயாக நில்லாது குடும்பத்தின், ஊரின் காயமாகப் பரவுவதைக் கூட்டு மனவடு என்று விரித்து எழுதியுள்ளார். தந்தையரிடம் அது சோகமென்ற முகத்தோடு வருவதில்லை. உறக்கமின்மையாக வரும். காரணமில்லாத சினமாக வரும். நெஞ்சு நோவாகவும் முதுகு நோவாகவும் வந்து மருந்துக் குளிசைகளாகப் பெருகும். சிலருக்கு மதுவாக வரும். எவரோடும் பேசாமல் முற்றத்துக் கதிரையில் அந்திவரை அமர்ந்திருப்பதாகவும் வரும். பிள்ளைகள் இதனைக் கண்டு, வாப்பாவுக்கு எங்கள் மேல் அன்பில்லை என்று படித்துக்கொள்கின்றனர். ஒரே எழுத்தை இருவர் இரு விதமாக வாசிக்கும் அவலம்!

இங்கே நமது ஃபிக்ஹ் நூல்களின் நுட்பமொன்றை நினைவூட்ட வேண்டும். காணாமற்போனவரை அவை மஃப்கூத் என அழைக்கின்றன. உயிருடன் உள்ளாரா, இறந்தாரா என்று தெரியாத அவரது சொத்தை வாரிசுகள் பங்கிட முடியாது. அவரது உறவினர் ஒருவர் இறந்தால் அவருக்குரிய பங்கு நிறுத்தி வைக்கப்படும். மரணத்துக்குச் சான்று கிடைக்கும்வரை, அல்லது இனி உயிருடன் இருத்தல் இயலாதெனக் கருதத்தக்க காலம் கழிந்து காழி தீர்ப்பளிக்கும்வரை அந்நிலை நீடிக்கும். அத்தகையவரின் மனைவி நான்கு ஆண்டுகள் காத்திருந்து பின்னர் இத்தா இருக்குமாறு உமர் (ரழி) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி உண்டு. நமது நாட்டுச் சட்டமும் காலந்தாழ்த்தியேனும் இவ்விடத்துக்கு வந்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இறப்புச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பம், ஆள் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறலாம். இறந்துவிட்டான் என்று கையொப்பமிட மனமில்லாத பெற்றோர்க்கு அது பெரிய ஆறுதல்.

சொத்துக்குச் சட்டம் உண்டு; மனைவிக்குத் தவணை உண்டு; தந்தைக்கு மட்டும் தவணை இல்லை. மகனைக் காத்திருக்கும் தந்தை எத்தனை ஆண்டுகளில் காத்திருப்பை நிறுத்த வேண்டும் என்று எந்த நூலும் கூறவில்லை. பேராசிரியர் பொஸ்ஸும் இதையே வேறு வழியில் சொல்கிறார். இத்துயரத்தை முடித்துவை என்று எவரையும் வற்புறுத்தக்கூடாது. முடிவில்லாத ஒன்றோடு வாழப் பழகுவதே இயலும் என்பது அவரது துணிபு. அவன் ஒருவேளை வரலாம், வராமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒரே உள்ளத்தில் வைத்துக்கொண்டு, இன்று வீட்டில் இருக்கும் பிள்ளையின் கையையும் பிடிப்பது. சொல்வது எளிது என்பீர்கள். ஆம், எளிதுதான். ஆயினும் யஃகூப் நபியிடம் அதற்கும் முன்மாதிரி உண்டு. பார்வையிழந்து சோர்ந்த நிலையில், யூஸுஃபைக் கிணற்றில் போட்ட அதே பிள்ளைகளைத்தான் அவர் அழைத்தார். சென்று யூஸுஃபையும் அவரது சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற கருத்தில் பணித்தார். இதுவரை தனித்துச் சுமந்த துயரத்தில் எஞ்சிய பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுத்தார். அதன் பின்னர்தான் கதை திரும்புகிறது.

தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் வீட்டில் இத்தகைய மூத்தவர் ஒருவர் இருப்பாராயின் போனவரின் பெயரைச் சொல்ல அஞ்சாதீர்கள். பெயரைச் சொன்னால் வாப்பா உடைந்துவிடுவார் என்று ஒளிப்பது இயல்பு. அவரோ பெயர் மறக்கப்பட்டுவிட்டது என்றே உடைந்துகொண்டிருக்கிறார். நானா எப்படி இருந்தார், எந்தக் கறியை விரும்பினார், பாடசாலையில் என்ன குழப்படி செய்தார் என்று கேளுங்கள். முதல் நாள் சினந்து எழுந்து போகக்கூடும். மறுநாள் அவரே தொடங்குவார். யூஸுஃபின் வாடை தமக்கு வருவதாக யஃகூப் நபி சொன்னபோது சுற்றியிருந்தோர் பழைய மயக்கத்தில் இருக்கிறீர் என்றனர். நமது வீட்டுப் பெரியவர் வாசலில் காலடி கேட்டதாகச் சொன்னால் நாமும் ஏறத்தாழ அதையே சொல்கிறோம்.

தந்தையரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால், இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வந்தால், மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு எங்கே என்று கேட்டுச் செல்லுங்கள். நெஞ்சு நோவுக்குப் போகும் அதே வாசல்தான். ஈமான் குறைந்ததால் வந்த நோயன்று அது. கண் வெளிறிய யஃகூப் நபிக்கு ஈமான் குறைவென்று எவர் சொல்வார்?

இனி, தள்ளிப்போட இயலாத காரியம் ஒன்று. மண்ணிலிருந்து எடுக்கப்படும் எலும்பு யாருடையது என்பதை அறிய மரபணுச் சோதனை உதவுகிறது. அதற்குப் பெற்றோரின் மாதிரியே மிகச் சிறந்தது. பிள்ளையின் மரபணுவில் பாதி தந்தையுடையது, பாதி தாயுடையது. ஆண் பிள்ளையாயின் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியே இறங்கும் ஒய் நிறமூர்த்தமும் துணை செய்யும். தந்தை இல்லாதபோது அவரது உடன்பிறந்த ஆண்களிடமும் அது கிடைக்கும். அர்ஜென்டினா நாட்டில் இராணுவ ஆட்சிக் காலத்தில் பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார், தாம் இறந்த பின்னும் தேடல் நிற்கக்கூடாது என்று போராடி, 1987இல் சட்டத்தின் மூலம் தேசிய மரபணு வங்கியொன்றை அமைக்கச் செய்தனர். அவர்களுள் பலர் இறந்துவிட்டனர். அவர்களது இரத்த மாதிரி இருக்கிறது. அதனைக் கொண்டு இந்நூற்றாண்டிலும் பேரப்பிள்ளைகள் இனங்காணப்பட்டனர்.

1996இல் ஐம்பது வயதாயிருந்த தந்தைக்கு இன்று எண்பதைத் தொடும் வயது. 1990இல் குருக்கள்மடத்தில் மகனைப் பறிகொடுத்தவர் அதனினும் மூத்தவர். தம் பிள்ளையின் பெயரை எந்த அலுவலகத்திலும் ஒருமுறைகூடப் பதியாத தந்தையர் இருக்கக்கூடும். பதிந்தால் இறந்ததை ஒப்புக்கொண்டதாகும் என்ற அச்சம் அவர்களைத் தடுத்திருக்கலாம். மாதிரி கொடுப்பது மரணத்தை ஒப்புக்கொள்வதன்று. மகன் உயிருடன் எங்கேனும் இருந்தாலும் அதே மாதிரி அவனை இனங்காட்டும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலோ, வழக்கு நடைபெறும் நீதவான் நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி மூலமாகவோ, மாதிரி எப்போது எவ்வாறு பெறப்படும் என்று கேட்டறியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் சில வினாடி தடவுவது, அல்லது சிறிதளவு இரத்தம் எடுப்பது, அவ்வளவே. வாப்பாவை அழைத்துச் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் நீளமாக இருக்கும். அவர் பேசத் தொடங்கினாலும் தொடங்குவார்.